புதுச்சேரியில் யாரும் நம்பாத கிறிஸ்மஸ்

டிசம்பர் 25, காலை ஏழு மணி. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கத்து வாடகை வீட்டிலிருந்து நானும் மனைவி செல்வியும் மகள் கிரேஸும் ஆட்டோவில் ஏறினோம். நகரம் ஏழு கிலோமீட்டர்தான். இருநூற்றைம்பது ரூபாய் கேட்டார் ஓட்டுநர். பேரம் பேசப் பொறுமையில்லை.

எங்கள் ஊர் மலேசியாவில் ஈப்போ. கம்பெனி என்னை இங்குள்ள ஆலைக்கு மாற்றியபின் வரும் முதல் கிறிஸ்மஸ் இது. செல்வியின் அம்மா மரியபுஷ்பம் போன ஜூனில் தவறிவிட்டார். விருந்து, புதுத்துணி எதுவும் வேண்டாம், எட்டு மணித் தமிழ்ப் பூசையில் இறந்தவர்களுக்காக வேண்டும்போது அம்மா பெயரை வாசித்தால் போதும் என்றாள் செல்வி. முந்தின வாரமே கோவிலில் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

"வெளியூருங்களா சார்?" என்றார் ஓட்டுநர், எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு.

"பூசைக்குப் போகணும்."

"பூசை எங்க போயிடப் போவுது? மொதல்ல பீச்சுக்குப் போயிட்டா கூட்டம் கம்மி. நல்லா போட்டோ எடுக்கலாம்."

"கோவிலுக்குப் போங்க."

"கோவிலாண்டயும் போட்டோ நல்லா வரும் சார்."

ராஜீவ் காந்தி சதுக்கத்தில் வண்டி நின்றது. முன்னும் பின்னும் சென்னை, பெங்களூர் கார்கள். காமராஜ் சாலை முழுக்க ஊர்ந்தோம். பெரிய வாய்க்காலைத் தாண்டியதும் தெருவை அடைத்திருந்தார்கள், இறங்கி நடந்தோம். கோவில் வாசலை அடைந்தபோது எட்டே முக்கால். அங்கே கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் கை நீட்டித் தடுத்தார்.

"டூரிஸ்ட்லாம் அந்தப் பக்கம். பூசை முடிஞ்சதும் உள்ள விடுவோம்."

"நாங்க வேதக்காரங்கதான், கிறிஸ்தவங்க! பூசைக்கு வந்திருக்கோம்!" செல்வி கத்தியேவிட்டாள்.

அவர் விலகி வழிவிட்டார். ஆனால் உள்ளே நற்கருணை அப்பம் வாங்க வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. பெயர்கள் வாசித்து முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. செல்வி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அந்த ஓட்டுநர்மேல், கார்கள்மேல், என்னை இங்கே அனுப்பிய கம்பெனிமேல் ஆத்திரமாக வந்தது.

பக்கத்தில் இருந்த அம்மாள் என்னவென்று விசாரித்தார். அறுபதைத் தாண்டியவர், பெயர் ஜோசபின். சொன்னேன்.

"பா கிராவ், அழுவாத மா." பரவாயில்லை என்பதை இந்த ஊர்ப் பெரியவர்கள் இன்னும் பிரெஞ்சில்தான் சொல்கிறார்கள். "ஒம்பதரைக்கு பிரெஞ்சு பூசை இருக்குது. அதுல வாசிக்கச் சொல்றேன். அம்மா பேரு என்ன?"

செல்வி பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து, கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு பூசை வைக்கும் சாமியாரைப் பார்க்கப் போனார்.

பிரெஞ்சுப் பூசையில் எப்போது எழுவது, எப்போது முழந்தாளிடுவது என்று ஜோசபினைப் பார்த்துப் பார்த்துச் செய்தோம். கிரேஸுக்குப் பசி, என் காலை உதைத்துக்கொண்டே இருந்தாள். சாமியார் நீளமாக ஏதோ வாசித்தார். திடீரென்று, "மரியபுஷ்பம்." அந்த ஒரு மணி நேரத்தில் எங்களுக்குப் புரிந்த ஒரே சொல் அதுதான். செல்வி என் கையை நசுக்கிவிட்டாள்.

வெளியே வந்ததும், "உங்க வீட்ல இன்னைக்கு யாரும்மா இருக்காங்க?" என்று ஜோசபினைக் கேட்டாள்.

"யாரு இருக்கா? புள்ளைங்க ரெண்டும் பாரிஸ்ல. நான் மட்டுந்தான்."

"அப்ப எங்களோட வாங்க."

அவர் மறுக்கவில்லை. மறுபடி அதே நெரிசல். வீடு சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது.

ஈப்போவில் இந்நாளில் திறந்த இல்ல உபசரிப்பு. சீனர், மலாய்க்காரர், எங்கள் ஆட்கள் என்று மாலைவரை வந்துகொண்டே இருப்பார்கள். கோழிக்கறியைச் செல்வியின் அம்மாதான் சமைப்பார். இங்கே செல்வி சமைத்தாள், தரையில் பாய் விரித்து நான்கு பேர் உட்கார்ந்தோம்.

முதல் வாய் வைத்ததும் ஜோசபின் முகத்தைச் சுளித்தார். "உப்பு ஜாஸ்தி மா."

காலையிலிருந்து பட்ட பாட்டுக்கு இது வேறா என்று நான் பல்லைக் கடித்தேன். செல்வியோ சிரித்தாள். அம்மா போனபின் அவள் சமையலை ஒருவரும் குறை சொன்னதில்லை.

மாலை கிளம்பும்போது, மிச்சமிருந்த கறியை ஒரு டப்பாவில் போட்டுத் தரச்சொல்லி வாங்கிக்கொண்டு போனார் ஜோசபின்.