முக்கால் சுற்று

என் மச்சானுக்குக் கை நடுங்குகிறது என்று சொன்னவன் நான்தான். கூடலூரில் எங்கள் தென்னந்தோப்பில், தேங்காய் வெட்ட வந்த இரண்டு பேர் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அவர் அந்தப் பக்கமே வரவில்லை. நான் சொன்னது தப்பு. எப்படித் தப்பு என்று எனக்குத் தெரிந்த விதத்தை எழுதுகிறேன்.

மச்சான் என் மனைவிக்கு அண்ணன். போடியில் ஏலக்காய் வாங்குகிறவர். சல்லடையில் சலித்து, கையில் அள்ளி, இது எட்டு எம்எம், பருத்த போல்டு, இது ஏழு என்று சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் பிடித்து, தேவாரம் வழியாகத் தோப்புக்கு வருவார். சட்டையெல்லாம் ஏலக்காய் வாசம் அடிக்கும். அந்த ஞாயிறுகளைப் போல எனக்கு இன்னொன்று அமையவில்லை. குமுளிக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் ரோட்டில் கத்திக்கொண்டு போகும். நாங்கள் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பரோட்டா பொட்டலத்தைப் பிரிப்போம். பிறகு எலி வேட்டை.

தென்னை எலி பொல்லாதது. மரத்தின் மேலேயே குடியிருந்து, இளங்காயில் காம்புப் பக்கம் ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதைக் குடித்துவிட்டுக் கீழே தள்ளும். காலையில் போனால் மரத்தடியில் ஓட்டைக் காயாகக் கிடக்கும். முதலில் மருந்து வைத்தேன். செத்த எலியைத் தின்று எங்கள் நாய் செத்தது. என் மனைவி அழவில்லை. "இன்னொரு தடவ இங்கன மருந்து வச்சீகன்னா நான் தோப்புக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். அதனால்தான் ஏர் ரைபிள் வந்தது. லைசென்ஸ் தேவையில்லாதது, காற்றடைத்துச் சுடுவது.

முதலில், துப்பாக்கி விற்ற கோயம்புத்தூர்க் கடைக்காரர் கொடுத்த சின்னக் குண்டைப் போட்டோம். நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று இறங்கினால் அந்தக் குண்டு எங்கேயோ போகும். கனமான குண்டு வேண்டும் என்று மச்சான் சொன்னார். அடுத்த ஞாயிறு ஒரு டப்பா வாங்கி வந்தார். இரண்டைக் கையில் போட்டு, ஏலக்காயைப் பார்க்கிற மாதிரியே உருட்டிப் பார்த்தார்.

"பாருய்யா மாப்ள. எட்டு எம்எம் போல்டு மாதிரி இருக்கு. சிறுச வாங்குறவன் ஏவாரியா?"

"எலிக்குத் தெரியுமா மச்சான் இது போல்டுன்னு?"

"பட்டா தெரியும்."

எங்கள் ஊரில் எல்லோருக்கும் இதே புத்திதான். ஏலக்காயா, பருத்தது நல்லது. வாழைத்தாரா, கனத்தது நல்லது. கொப்பரையா, எடை நின்றால் நல்லது. குண்டுக்கும் அதுவே பொருந்தும் என்று இரண்டு பேரும் நம்பினோம். குண்டு ஓடி வருகிற குழாயை, அந்தப் பேரலைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

அன்றிலிருந்து ஒன்றும் படவில்லை. எலி மட்டையில் உட்கார்ந்து எங்களைப் பார்க்கும். குண்டு ஒரு முழம் தள்ளிப் போகும். என் குண்டு தவறினால் காற்று என்றேன். அவர் குண்டு தவறினால் கை என்றேன். வெட்கம் கெட்ட வேலை. ஆனால் அப்படித்தான் சொன்னேன்.

கடைசி ஞாயிறு அட்டைப்பெட்டியில் காகிதம் ஒட்டி, இருபத்தைந்து அடி தூரத்தில் வைத்துச் சுட்டார். பத்து குண்டு. பத்தும் பத்து திசை. அன்றைக்குக் காலையில் மரத்தடியில் நாற்பது காய் பொறுக்கியிருந்தேன். அந்தக் கோபம் வாயில் வந்தது.

"இந்தக் கைய வச்சுக்கிட்டு ஏலக்கா பொறுக்குங்க. துப்பாக்கியத் தொடாதீக. நடுங்குற கைக்கு இது எதுக்கு?"

தேங்காய் வெட்டுகிறவர்களில் ஒருவன் சிரித்தான். மச்சான் துப்பாக்கியைத் துண்டால் துடைத்துக் கட்டிலில் வைத்தார். குண்டு டப்பாவை அதன் பக்கத்தில் வைத்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். பன்னிரண்டு மணிகூட ஆகவில்லை.

அதன் பிறகு வீட்டு விசேஷங்களில் பார்த்தோம். "வாங்க", "சாப்பிட்டீகளா", அவ்வளவுதான். மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள். "அண்ணனை என்ன சொன்னீக? அவுக பைக்க வித்துட்டாக. கேட்டா, கை சரியில்லங்கிறாக." நான் தோப்புக்குக் கிளம்பிவிட்டேன்.

போன மாசிக்குப் பிறகு எலி தாங்க முடியவில்லை. வேறு துப்பாக்கி வாங்கலாம் என்று கோயம்புத்தூர்க் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "இந்தத் துப்பாக்கிக்கு என்ன சார்?" என்றார். ஒன்றும் படவில்லை என்றேன். "சுட்ட காகிதம் இருக்கா? போட்டோ அனுப்புங்க."

மச்சான் சுட்ட காகிதம் மோட்டார் அறை ஆணியில் அப்படியே தொங்கியது. அதற்கு முந்தின ஞாயிறு நான் சுட்டு, காற்று என்று சொன்ன காகிதமும் அதே ஆணியில் இருந்தது. இரண்டையும் அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் அவர் கூப்பிட்டார்.

"சார், ஓட்டையப் பாத்தீங்களா? வட்டமா இல்ல. புளியங்கொட்டை மாதிரி நீளமா இருக்கு. குண்டு மூக்கு முன்னால போகல, படுத்துக்கிட்டுப் போகுது. என்ன குண்டு போடுறீங்க?"

சொன்னேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார்.

பேரலுக்குள் திருகாணி மாதிரி வரி ஓடுகிறது. அந்த வரிதான் குண்டைச் சுழற்றி அனுப்புகிறது. சுழன்றால்தான் குண்டு நேராகப் போகும், பம்பரம் சுழன்றால்தான் நிற்கிற மாதிரி. பேரலின் அகலம் மாறாது, அதனால் கனமான குண்டு என்றால் நீளமான குண்டு. நீளம் கூடக் கூட இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். என் பேரல் சின்னக் குண்டுக்கு வெட்டியது. அதற்கு அந்தச் சுழற்சி போதும், இதற்குப் போதாது. கடைக்காரர் சொன்னபடி அளந்து பார்த்தேன். கம்பி நுனியில் ஈரத்துணியை இறுக்கிச் சுற்றி, கம்பியின் மேல் மையால் ஒரு புள்ளி வைத்து, பேரலுக்குள் மெல்லத் தள்ளினேன். வரியோடு சேர்ந்து கம்பி தானாகத் திரும்பியது. பதினெட்டு இஞ்ச் பேரல் முடிந்தபோது புள்ளி முக்கால் சுற்றுதான் வந்திருந்தது. அப்படியென்றால் இருபத்துநாலு இஞ்சுக்கு ஒரு சுற்று. இந்தக் குண்டுக்குப் பதினாறு இஞ்சுக்கு ஒன்று வேண்டும் என்றார் கடைக்காரர். "எந்தக் குண்டுன்னு முதல்ல முடிவு பண்ணணும் சார். பேரல் அதுக்கப்புறம்தான்."

என் காகிதத்தை மறுபடி பார்த்தேன். அதிலும் புளியங்கொட்டைதான். காற்றும் இல்லை, கையும் இல்லை.

புதுப் பேரலை வரவழைத்தேன். நான் அதை மாட்டவில்லை, பழையதையும் கழற்றினேன். இரண்டு பேரலையும் கம்பியையும் காகிதங்களையும் சாக்கில் சுற்றிக்கொண்டு போடிக்குப் போனேன். மச்சான் சல்லடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். டீ வந்தது. அவருக்கு மட்டும் அரை டம்ளர். அதை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். நான் என் டீயை அப்படியே வைத்துவிட்டுச் சாக்கை அவிழ்த்தேன்.

காகிதங்களை ஏலக்காய்க் குவியல் மேலேயே விரித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பழைய பேரலைக் கொடுத்து, அவரையே கம்பியைத் தள்ளச் சொன்னேன். தள்ளினார். புள்ளி முக்காலில் நின்றது. புதிய பேரலில் தள்ளினார். ஒரு சுற்று முடிந்து, புள்ளி கொஞ்சம் தாண்டியும் போனது. மறுபடி பழையது. மறுபடி புதியது. கடையில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அன்னைக்கு ரெண்டு பேரு முன்னாலதான சொன்ன?" என்றார்.

"ஆமா மச்சான்."

"இங்கன ஆறு பேரு இருக்காக. சொல்லுய்யா."

"கை இல்ல. பேரலு. நான் சொன்னது தப்பு" என்றேன். ஆறு பேரும் கேட்டார்கள்.

"சத்தமாச் சொல்லத்தான் உனக்கு நல்லா வருமே. இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்தார். புதுப் பேரலை அவர்தான் மாட்டினார். அதே இருபத்தைந்து அடி, அதே டப்பாவில் மிச்சமிருந்த குண்டு. ஐந்து சுட்டார். நாலு ஓட்டை ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம், நாலும் வட்டம். ஐந்தாவது இரண்டு விரல் தள்ளி விழுந்திருந்தது. அதுவும் வட்டம்தான்.

நான் தென்னை மட்டையைப் பார்த்தேன். ஒரு ஓலைகூட அசையவில்லை.

"காத்து, மச்சான்" என்றேன்.

"ஏலே, பொய் சொல்லாத. அது கைதான்" என்று சிரித்துவிட்டு, அடுத்த குண்டுக்குக் கையை நீட்டினார்.