தண்ணீர் ஆகாத குடம்

அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் ஹோப்பி-டேவா என்னும் பழங்குடி மக்கள் செய்யும் மண்குடங்களில் எனக்குப் பித்துப் பிடித்துப் பத்து வருடமாகிறது. சக்கரம் கிடையாது, கையாலேயே வனைவார்கள். கூழாங்கல்லால் தேய்த்து மினுக்கி, நார்த் தூரிகையால் பறவைகளைக் கீறி, ஆட்டுப்புழுக்கையை மூட்டிச் சுடுவார்கள். நெருப்புப் பட்ட இடம் செம்மஞ்சளாகச் சிவந்திருக்கும். லண்டன் ஏலங்களில் நாயாய் அலைந்து நான் சேர்த்தது நான்கே நான்கு.

என் மனைவிக்கு அவை சட்டிகள். ஏலத்துக்குக் கிளம்பினால், சட்டி பார்க்கப் போறியளோ என்று கேட்பாள். நானும் சிரித்துவிடுவேன். ஆனால், ஆசைப்பட்ட ஒன்றை வீட்டில் தனியாளாக ரசிப்பது எனக்குப் பெரிய குறையாகவே இருந்தது.

போன வருடம் லண்டனில், ஹரோவிலேயே வேறு வீட்டுக்கு மாறினோம். புதுவீட்டுக் குடிபூரலன்று, சடங்கு செய்ய ஐயரை ஸ்டேஷனிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தால், வாசலில் வாழையிலை, அதில் பரப்பிய அரிசி, அதன் மேல் என் பெரிய குடம். கழுத்துவரை தண்ணீர், மாவிலை, தேங்காய். பித்தளைக் குடம் எந்தப் பெட்டியில் கிடக்கிறதென்று தெரியவில்லையாம்.

பீங்கானுக்கு இருப்பதுபோல மேற்பூச்சு இல்லாத மண் அது, தண்ணீரைக் குடித்துவிடும். பாய்ந்து தூக்கினேன். அடிப்பக்கம் ஊறிக் கறுத்திருந்தது, கீறியிருந்த பறவையின் சிறகு நுனி என் பெருவிரலோடு வந்துவிட்டது. ஐயர் பக்கத்தில் நின்றபடியால் வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, உமக்கு வேறு பாத்திரமே கிடைக்கவில்லையா என்று மட்டும் கேட்டேன்.

அவளுக்கு முகம் வாடிவிட்டது.

"வீட்டில இருக்கிறதிலயே வடிவானது இதுதானே. வாற ஆக்கள் முதல்ல இதைப் பாக்கட்டும் எண்டு வச்சனான்."

அப்போதுதான் கவனித்தேன், பறவை தெருவைப் பார்க்கும்படி குடத்தைத் திருப்பி வைத்திருந்தாள். எந்தப் பக்கம் முகம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. சடங்கை ஒரு எவர்சில்வர் வாளியை வைத்து முடித்தோம்.

குடம் நிழலில் பல நாள் காய்ந்தது. தண்ணீர் ஏறிய கோடு மட்டும் போகவில்லை. தெரிந்த வியாபாரி ஒருவரிடம் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினார். வீட்டுக்கு வந்து, இனி இதை ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்று அவளிடம் சொன்னேன்.

"நல்லது" என்றாள், குடத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு. "எப்பவாவது வித்துப்போடுவியளோ எண்டு பயந்துகொண்டே இருந்தனான்."