தேரிக்காட்டில் நின்ற தேங்காய்

கிணத்துக்கடவில் கார் ஏறி, பொள்ளாச்சி வருவதற்குள் ஒப்பந்தம் முறிந்துவிட்டது. ஒப்பந்தம் இதுதான்: வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் போர்வெல் என்ற சொல்லையே யாரும் எடுக்கக் கூடாது. "சரி கண்ணு, வாயவே தொறக்கல போ" என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா முன் சீட்டில் உட்கார்ந்தார். பொள்ளாச்சிக்கு முன்னால் ஒரு தோப்புக்குள் ரிக் வண்டி நின்று துளைத்துக்கொண்டிருந்தது. அவர் கழுத்து முழுதாக அந்தப் பக்கம் திரும்பியது.

"வெறும் புகைதான் வருது பாரு. தண்ணி இருந்தா சேறா வருமல்லொ."

கார் ஓட்டிக்கொண்டிருந்தது நான். ஹாரனை அழுத்தினேன். முன்னால் யாருமே இல்லை.

எங்கள் தோட்டத்தில் தென்னை மட்டும்தான். மூன்று போர் போட்டாயிற்று. முதலாவது பல வருஷம் ஓடி நின்றுபோனது. இரண்டாவது ஒரு கோடையைக் கூடத் தாண்டவில்லை. மூன்றாவதில் முதல் நாளே வெறும் கல் பொடி; தோப்பு முழுவதும் அரிசி மாவு தூவியதுபோல் ஆனதுதான் மிச்சம். மேற்கு வரிசை மரங்களில் மட்டைகள் தொங்கிவிட்டன, குரும்பை கொட்டிக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை காலை நாலாவது போருக்கு வண்டி வருவதாக ஏற்பாடு. எனக்கு அது வேண்டாம். தோட்டத்து மூலையில் தூர்ந்து கிடக்கும் பழைய கிணற்றைத் தூர் வாரி, மேட்டிலிருந்து ஓடி வீணாகப் போகும் மழைத் தண்ணீரை அதற்குள் திருப்பிவிட வேண்டும் என்பது என் கட்சி. இந்த வருஷம் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். தப்பான ஒன்றைச் செய்தால் மேற்கு வரிசையை மறந்துவிட வேண்டியதுதான்.

நாலாவது போருக்கு இடம் குறித்தது யார் தெரியுமா? ஒரு தேங்காய். மட்டை உரித்து, குடுமி விட்ட தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு அப்பா தோப்பில் நடப்பார். நிலத்தடியில் நீரோட்டம் இருக்கும் இடம் வந்தால் அது தானாக எழுந்து நிற்கும். எங்கள் பக்கம் இதற்கென்றே ஆட்கள் உண்டு. அப்பா அவர்களைக் கூப்பிடுவதில்லை, தனக்கே அந்தக் கை இருக்கிறது என்று நம்புகிறார். மூன்றாவது போருக்கும் தேங்காய் நின்றதே என்று நான் கேட்டால், "அது காய் சரியில்ல கண்ணு" என்பார்.

பயணம் என் யோசனை. திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு, அதற்குத் தெற்கே இருக்கும் தேரிக்காட்டைப் பார்ப்பது. தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு சிவப்புப் பாலைவனம், அது போய் முடிகிற இடத்தில் கடல். ஒரு மாதமாக அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். மணல் ஏன் சிவப்பு, காற்று எந்த மாதத்தில் எந்தத் திசையில் மேட்டை நகர்த்தும், எல்லாம் எனக்கு மனப்பாடம். செம்மணல் மேட்டின் மேல் நின்று கடலைப் பார்க்க வேண்டும், பொழுது சாய்வதற்குள் அங்கே இருக்க வேண்டும். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

பின் சீட்டில் அம்மாவோடு இரண்டு பெரிய கேன் சிறுவாணித் தண்ணீர். கோயமுத்தூரில் சித்தி வீட்டுக்கு முந்தின நாளே போய்ப் பிடித்து வந்தது. வெளியூர்த் தண்ணீர் எதுவும் அம்மாவின் தொண்டைக்குள் இறங்காது. "பாலைவனத்துக்குப் போறோம், தண்ணி இல்லாமப் போறதா?" என்றார். 

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. அப்பா அதற்குள் வழியில் பார்த்த எல்லாத் தோப்புக்கும் ஆழம் சொல்லி முடித்திருந்தார்.

"அப்பா, ஒண்ணு பண்ணலாம். அந்தத் தேங்காயத் தேரிக்காட்டுல காட்டுங்க. வெறும் பாலைவனம் அது. அங்கயும் நின்னா நான் இனிமே வாயத் தொறக்க மாட்டேன், திங்கக்கெழம வண்டி வரட்டும். நிக்கலைன்னா போர் வேண்டாம், கெணறுதான்."

அவர் யோசிக்கவே இல்லை. "சரி கண்ணு. நாயமாத்தான் சொல்ற."

"எந்தத் தேங்காய்?" என்றார் அம்மா. "கூடையில இருக்கறது சாமிக்கு ஒடைக்கறதுக்குங்க."

அது சாமிக்கு இல்லை என்பது மறுநாள் காலை தெரிந்தது. கோயில் வாசலில், ஆயிரக்கணக்கில் தேங்காய் பறித்து லாரி ஏற்றிய அப்பா, கடையில் வேறு ஒரு தேங்காய் வாங்கினார். வீட்டிலிருந்து கொண்டுவந்ததைத் துண்டில் சுற்றி இடுக்கிக்கொண்டு சாமி கும்பிட்டார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் கோயில் யானையே ஒதுங்கியிருக்கும்.

மதியம் சாப்பிட்டதும் கிளம்பினோம். அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வழியில் ஒரு பனை மரத்தடியில் நுங்கு விற்றுக்கொண்டிருந்தவர் கையைக் காட்டினார், நான் காரை நிறுத்தினேன். அதுதான் பிசகு. அப்பாவுக்கு வேண்டாம் என்று சொல்ல வராது. நுங்குக்காரர் வெட்ட வெட்ட, அப்பா "சரிங்க", "ஆகட்டுங்க", "வெட்டுங்க" என்று வாங்கிக்கொண்டே இருந்தார். மூன்று பேருக்கு ஒரு குலை நுங்கு. நான் காதோரம், "போதும்னு சொல்லுங்கப்பா" என்றேன். "அவரு ஆசையா வெட்டறாருல்லொ, எப்படிச் சொல்றது?" என்றார். அம்மாவிடம் முறையிட்டேன். "உங்கப்பாவுக்கு எப்படியோ அப்படித்தானுங்க அம்மணி," என்றார், வாயில் நுங்குடன். கோபம் வந்தால் அம்மா எனக்கும் ங்க போடுவார். தேங்காய்க் கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. பொழுது இறங்கிக்கொண்டே போனது.

ஒருவழியாகத் தேரிக்கு வந்து காரை ஒரு பனை வரிசைக்குக் கீழே நிறுத்தினோம். எங்கே பார்த்தாலும் செங்கல் பொடித்ததுபோல் மணல். கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகிறது. மேடு ஏறி நின்றால், சரிவுக்குக் கீழே சிவப்பு வெளுத்து வெள்ளை மணலாகி, அதற்கு அப்பால் கடல் ஒரு கோடாகக் கிடந்தது. இதற்காகத்தான் வந்தேன். இதைப் பற்றி இன்னும் நாலு வரி எழுதலாம்தான். ஆனால் அப்பா அதற்குள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டார்.

"அப்பா, அங்க பாருங்க, கடல்."

"ம்."

பத்து அடி நடந்தார். தேங்காய் நின்றது.

நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். குடுமி வானத்தைப் பார்க்க, செங்குத்தாக, அசையாமல் நின்றது.  

"உங்க கைதான் தூக்குது," என்றேன். "உங்களுக்கே தெரியாமத் தூக்குது. கண்ணக் கட்டிட்டு நடங்க பாக்கலாம்."

"கட்டு."

அவருடைய துண்டாலேயே கண்ணைக் கட்டினேன். தேங்காய் நின்ற இடத்தில் ஒரு பனை மட்டையை நட்டேன். அவரை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, கையைப் பிடித்துப் போக்குக் காட்டி வேறு பக்கம் அழைத்துப் போனேன். அறுபது வயது மனிதர், கண் கட்டிய நிலையில், ஒரு கையில் தேங்காயோடு மணலில் தடுமாறித் தடுமாறி நடக்கிறார். காரடியில் உட்கார்ந்திருந்த அம்மா, "யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மட்டையைத் தாண்டினோம், அங்கே தேங்காய் படுத்தே கிடந்தது. இன்னும் கொஞ்சம் போனதும் நின்றது. திரும்பி வந்தோம், வேறோர் இடத்தில் நின்றது. பிறகு இன்னோர் இடம். மொத்தம் ஐந்து மட்டை நட்டேன். கண் கட்டிய பிறகு முதல் மட்டையருகே மட்டும் ஒரு தடவைகூட அது எழவில்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண் கட்டை அவிழ்த்து மட்டைகளைக் காட்டினேன். "பாருங்க. கண்ணத் தொறந்தா ஒரு எடம், மூடுனா வேற வேற எடம். நீரோட்டம் கண்ணாமூச்சியா ஆடுது? திங்கக்கெழம வண்டி வேண்டாம். சரிதானேப்பா?"

அப்பா ஐந்து மட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். சரி என்று சொல்ல வாயெடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், வாயெடுத்தார்.

அப்போதுதான் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் சரிவிலிருந்து ஏறி வந்தார். நெடுநேரமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்ன தேடுதிய அண்ணாச்சி? ஏதும் தொலைச்சிட்டியளா?"

"தண்ணிங்க," என்றார் அப்பா. "நெலத்தடியில தண்ணி இருக்குதான்னு பாக்கறனுங்க."

அந்த அம்மாள் மட்டைகளையும், துண்டையும், தேங்காயையும் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்றே நினைக்கிறேன். "இதுக்கா இம்புட்டுப் பாடு? இங்கன எங்க தோண்டுனாலும் தண்ணிதான். மழை பூராத்தையும் இந்த மணலு குடிச்சி உள்ள வச்சிருக்கும். கீழ வாங்க, காட்டுதேன்."

காரடியிலிருந்து அம்மாவும் எழுந்து வந்தார். மேட்டடியில், கடல் தெரியும் தூரத்தில், ஆட்டுக்காக அவர் தோண்டி வைத்திருந்த குழி. ஆழம் ஒரு முழம்தான் இருக்கும். அடியில் தெளிவாகத் தண்ணீர் ஊறி நின்றது. ஒரு தகரக் குவளையில் மொண்டு அப்பாவிடம் நீட்டினார். அப்பா குடித்தார். அம்மா குடித்தார், வெளியூர்த் தண்ணீர் தொண்டையில் இறங்காத அம்மா. "சிறுவாணி அளவுக்கு இல்லீங்க," என்று சொல்லிவிட்டு இரண்டாவது குவளைக்குக் கையை நீட்டினார். நானும் குடித்தேன். உப்பின் சாயலே இல்லை.

மணலின் நிறத்தையும் காற்றின் திசையையும் மனப்பாடம் செய்தவள், அந்த மணல் தண்ணீரை என்ன செய்கிறது என்று ஒரு வரிகூடப் படிக்கவில்லை. எங்கே நின்றாலும் தேங்காய் ஜெயிக்கிற ஒரே பாலைவனத்தைத் தேடிப் பிடித்து, நானூறு கிலோமீட்டர் கார் ஓட்டி, அப்பாவை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

"அப்ப எல்லா மட்டையும் சரிதானுங்க?" என்றார் அப்பா அந்த அம்மாளிடம்.

"எல்லாம் சரிதான்."

"முதல் மட்டைகிட்ட ரெண்டாந்தடவ நிக்கலையே," என்றேன்.

"ரெண்டு பேரு சொல்றதும் சரிதானுங்க," என்றார் அம்மா. இப்படித் தீர்ப்புச் சொல்வதற்கு ஒரு ஆள் எதற்கு?

பொழுது சாய்ந்தபோது நான் எடுத்த புகைப்படத்தில் சிவப்பு மேடு இருக்கிறது, கடல் இருக்கிறது, நடுவில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழிக்குள் எட்டிப் பார்க்கிற அப்பா இருக்கிறார். எல்லாப் படத்திலும் இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும் வழியில் அவர் போர்வெல்லைப் பற்றிப் பேசவே இல்லை. ஒப்பந்தத்தை அன்றைக்குத்தான் காப்பாற்றினார். நான் தோற்றவள், என்னாலும் கேட்க முடியாது. ஒரு முழம் ஆழத் தண்ணீரே அவர் கண்ணில் நின்றிருக்க வேண்டும். உடுமலை தாண்டும்போது மட்டும், "மழைய மணல் குடிச்சு வச்சுக்குது" என்று ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னார்.

வெயில் இறங்குமுன் வீடு வந்தோம். அப்பா உள்ளே வராமல் தேங்காயை எடுத்துக்கொண்டு நேராகத் தோப்புக்குப் போனார். நான் பின்னால் போனேன். நாலாவது போருக்குக் குறித்த இடத்தில் நின்றார், தேங்காய் எழுந்தது. மேற்கு வரிசைக்குப் போனார், அங்கும் எழுந்தது. பிறகு, இதுவரை ஒரு நாளும் செய்யாததைச் செய்தார். மூடி போட்டுக் கிடக்கும் மூன்றாவது போரின் மேல் போய் நின்றார். கல் பொடி மட்டுமே வந்த அந்தக் குழாயின் மேல் தேங்காய் குடுமியை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

இன்னொரு கையால் குழாயின் மூடியைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் தேங்காயை மரத்தடியில் போட்டுவிட்டு, "கெணத்த நாளைக்கே தூர் வாரச் சொல்லீரலாமா?" என்றார்.

"அப்ப வண்டிக்காரருக்குப் போன் பண்ணுங்கப்பா."

"வாரேன்னு சொல்லிப்போட்டாரே கண்ணு. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

எப்படிச் சொல்வது என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். அவர் போன் பண்ணவில்லை. திங்கள் காலை ஆறரைக்கு ரிக் வண்டி தோட்டத்துக்கு வரும் இட்டேரிப் பாதையில் இரண்டு பக்க வேலியையும் உரசிக்கொண்டு வந்து நின்றது. அப்பா மோட்டார் ரூமுக்குள் போய்விட்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "நீயே சொல்லு கண்ணு. நீதான் படிச்சவ."

சரி, நானே சொல்கிறேன் என்று போனேன். வண்டிக்காரர் இறங்கித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பாயிண்டு எங்கீங்க அம்மணி?" என்றார். இரவெல்லாம் ஓட்டி வந்த கண். வண்டியிலிருந்து ஆட்கள் சோம்பல் முறித்தபடி இறங்கினார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"ஏனுங்கண்ணா, எல்லாரும் சாப்பிட்டீங்களா?"

என் வாய்தான். எனக்கே கேட்டது. அம்மா இட்லி சுட்டார், ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள், நான் சட்னி பரிமாறினேன். இரண்டாவது முறை சட்னி ஊற்றும்போதுதான், தலையைக் குனிந்தபடி, "போர் இப்ப வேண்டாம்னு நெனைக்கறோங்கண்ணா, முன்னாடியே சொல்லியிருக்கோணும், தப்பா நெனச்சுக்காதீங்க" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"அதுக்கென்னங்க," என்றார் அவர், இட்லியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கிழக்கால தோட்டத்துல நாளைக்கு வரச் சொன்னாங்க, இன்னைக்கே போயிர்றோம். போன்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க."

வண்டி போனதும் அப்பா மோட்டார் ரூமிலிருந்து வெளியே வந்தார். இப்போது கிணறு பாதி தூர் வாரியாகிவிட்டது. மேட்டிலிருந்து வாய்க்காலும் வெட்டியாகிவிட்டது. மழைதான் இன்னும் வரவில்லை. எட்டிப் பார்க்க வரும் அக்கம்பக்கத்துக்காரர்கள், ஏன் போரை விட்டுவிட்டீர்கள் என்று கேட்கிறார்கள். அப்பா ஒவ்வொருவரையும் வரப்பில் உட்கார வைத்து, நிதானமாக, ஒரே பதிலைத்தான் சொல்கிறார்.

"தேரிக்காடு வரைக்கும் கொண்டுட்டுப் போய்க் கேட்டுப்போட்டு வந்தனுங்க. தேங்காயே வேண்டாம்னு சொல்லிப்போடுச்சு."