முருகேசனின் இணைப்பில் சென்ற கட்டுரை

கைப்பேசி மனிதரை ஒருவரிடமிருந்து ஒருவர் விலக்குகிறது என்று நாளைய மாநாட்டுக்குக் கட்டுரை எழுதியவன் நான். அதனை அனுப்பிய விதத்தை மறைத்தல் முறையன்று. ஆதலின் இதை எழுதிவைக்கிறேன்.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு தேநீர்க்கடை, ஞாயிறு மாலை. ஆறு மணிக்குள் கட்டுரை சென்றாக வேண்டும். என் மடிக்கணினிக்கோ இணையம் இல்லை. எதிரே அமர்ந்திருக்கும், தொழிலாளர் விடுதியில் தங்கும் கப்பல் பட்டறைத் தொழிலாளி முருகேசன் தம் கைப்பேசியிலிருந்து இணைப்புத் தருகிறார். படங்களால் கனத்த கோப்பு பாதி சென்றதும் எழுந்துவிடுகிறார்.

"ஐயா, டார்மிட்டரி பஸ் வந்துருச்சு. இத விட்டா எட்டு மணிக்குத்தான்."

"இன்னும் பாதி இருக்கிறதே, தம்பி!"

"அப்ப லேப்டாப்ப மூடாம தூக்கிட்டு என் பின்னாடியே வாங்க. தள்ளிப் போனீங்கன்னா கட்டாயிரும்."

திறந்த கணினியைச் சீர்த்தட்டுப்போல் இரு கைகளிலும் ஏந்தி, கூட்டத்தினூடே அவர் முதுகை ஒட்டி நடக்கிறேன். பேருந்துப் படியில் ஒரு காலை வைத்தபடி, "அங்கிள், ஒன் மினிட் லா!" என்று ஓட்டுநரிடம் கெஞ்சுகிறார். கட்டுரை சென்று சேர்கிறது.

"போயிருச்சா? அப்படி என்னதான் ஐயா எழுதிருக்கீங்க?"

கதவு மூடிக்கொள்வதால் விடை கூறாமல் தப்புகிறேன்.

இக்குறிப்பில் பிழை காண்போர் திருத்தி உதவுக. கட்டுரையிலுள்ள பெரும்பிழையை நானே அறிவேன். அதைத் திருத்தி அனுப்புவதற்கான இணைப்பு பேருந்தில் ஏறிப் போய்விட்டது.