பதில் சல்யூட்

செல்லூரில் மாடி வீடு, கப்பலூரில் போல்ட் பட்டறை, தண்ணீரே வராது என்ற பாறையில் போர்வெல். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் உண்டாக்கியவை இவை. தல்லாகுளத்தில் ஒரு வங்கிக்கு மிலிட்டரி கணக்கு கிடைத்ததும் என்னால்தான்.

என் மாடியில் குடியிருந்த பட்டாளத்துக்காரர் விறைப்பான ஆள். கைலி கட்டினாலும் மடிப்புக் கலையாது. சம்பளம் போடவும் ஊரில் மனைவி அதை எடுக்கவும் ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கி, நம்பரோடு அன்று சாயங்காலமே ரயில் ஏற வேண்டும். என்னைத் துணைக்கு அழைத்துப் போனவர், நான்கு வங்கி வாசல்களில் காவலாளிக்கு சல்யூட் அடித்துவிட்டு உள்ளே போகாமலேயே திரும்பினார்.

"ஏன் தம்பி, வட்டி எம்புட்டுன்னு கேக்கலையா?"

"வட்டி கெடக்குதுண்ணே. பதில் சல்யூட் அடிக்கத் தெரியாதவன் எம்பொண்டாட்டி காசை எப்பிடிக் காப்பான்?"

ஐந்தாவது வங்கியில் காவலாளி நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். மணி மூன்றைத் தாண்டிவிட்டது. பட்டாளத்துக்காரர் வண்டியை நிறுத்துவதற்குள் நான் முந்திப்போய்க் காவலாளியின் காலை மிதித்தேன்.

"யோவ், எந்திரிச்சு சல்யூட் அடிய்யா!"

பதறி எழுந்தவர், வந்துகொண்டிருந்த பட்டாளத்துக்காரருக்குத் தொப்பி பறக்க சல்யூட் அடித்தார்.

"இதுதாண்ணே பேங்க்கு!" என்று இவர் உள்ளே நுழைந்தார்.

முதல் மிலிட்டரி கணக்கு என்று மேனேஜர் அவருக்குச் சால்வை போர்த்திய போட்டோ இன்றும் அங்கே தொங்குகிறது. அதில் காவலாளிகூட நிற்கிறார். சல்யூட்டை வைத்து வங்கி பார்த்த மனிதர் எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் காலை மிதித்தவன் நான். என் படத்தையும் அங்கே மாட்ட வேண்டும்.