பெயிண்ட்டில் கீறல் விழாமல் மதுரை வரை

கார்களைக் கட்டி ஊர்விட்டு ஊர் இழுத்துப் போகிற எங்கள் தொழிலில், இன்ஜின் எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை, எல்லாருக்கும் பெயிண்ட்தான் உசிர். பார்க்கிங்கில் எவனோ சாவியால் இழுத்துவிட்டுப் போன கோட்டைத் தடவித் தடவிப் பார்த்து, சோறு இறங்காமல் உட்கார்ந்தவரா நீங்கள்? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள், மேலே படியுங்கள்.

நான் செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எனக்கு ரயில் ஒத்துவரவில்லை. ஒரு ஜீப்பும், அதன் பின்னால் மாட்ட இரண்டு சக்கர டிராலி ஒன்றும் வாங்கினேன். காரின் முன்சக்கரங்களை டிராலியில் ஏற்றிக் கட்டிவிட்டால், பின்சக்கரங்கள் பாட்டுக்கு உருண்டு வரும். "ஓட்டிக்கிட்டே போனா என்னய்யா?" என்பீர்கள். முன்பின் தெரியாத டிரைவர் கையில் சாவியைக் கொடுக்க மாதாப்பூர் சாஃப்ட்வேர்காரர்களுக்கு மனசு வராது. கிலோமீட்டர் வேறு ஏறிவிடுமே! என் ஜீப்பை ஓட்டியது காஜா. சார்மினார் பக்கத்து ஆள். என்னோடு சுற்றிச் சுற்றியே அரைகுறைத் தமிழ் பேசக் கற்றவன்.

கவர் போட்ட புண்ணியவான்

காஞ்சன்பாக்கில் ஓர் அதிகாரி. பெங்களூருக்கு மாற்றல். வெள்ளி நிறக் கார். "கவர் போட்டு இழுத்துட்டுப் போங்க" என்று ஒற்றைக் காலில் நின்றார். வேண்டாம் சார், காற்றில் கவர் படபடவென்று அடிக்கும், உள்ளே புகுந்த தூசி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். காஜாவும் "கவர் நக்கோ சாப்" என்று கெஞ்சினான். கேட்டால்தானே! புதுக் கவர், அதற்கு மேல் நைலான் கயிறு.

பெங்களூரில் கவரை உருவினோம். பானட் முழுக்கப் பளபளப்பு செத்துப்போயிருந்தது. கயிறு உரசிய இடத்தில் கோடு கோடாக வெளுப்பு. மனுசன் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. ரொம்ப நேரம் தடவிக்கொண்டே நின்றவர் கடைசியில் கேட்டார்: "அப்புறம் எதுக்குய்யா கவர்னு ஒண்ணு விக்கிறான்?"

பட்டன் கூடாது

அதற்குப் பிறகு ஒரு வழிமுறை வைத்துக்கொண்டோம். வண்டியை நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெழுகு பூசுவோம். பம்பர், பானட் நுனி, கண்ணாடிக் காது, எங்கெல்லாம் கல் அடிக்குமோ அங்கெல்லாம் பழைய பருத்தித் துணியை இறுக்கிச் சுற்றி, அதன் மேல் கேன்வாஸ் கட்டுவோம். புதுத் துணி ஆகாது, கஞ்சி மொடமொடப்பு உரசும். துவைத்துத் துவைத்து நைந்த துணிதான் வேண்டும். அதை வண்டிக்காரரே கொண்டுவர வேண்டும். பட்டன், ஜிப், ஹூக் எதுவும் இருக்கக் கூடாது. ஒரு பட்டன் போதும், மதுரை போய்ச் சேருவதற்குள் படமே வரைந்துவிடும்.

அமெரிக்காவில் பாங்குகள் கவிழ்ந்து, இங்கே கம்பெனிகள் ஆட்களைக் கொத்துக் கொத்தாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம். சரவணன் என்று ஒரு பையன் வந்தான். மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலம். கறுப்புக் கார், மூச்சு விட்டாலே தெரிகிற கறுப்பு. வண்டியை அப்பா வீட்டில் விடவேண்டும் என்றான். துணி கேட்டேன். மறுநாள் ஒரு பை நிறையக் கொண்டுவந்தான். அத்தனையும் ஆபீசுக்குப் போடுகிற முழுக்கைச் சட்டைகள். ஒன்றிலும் பட்டன் இல்லை, கத்தரித்து எடுத்திருந்தான்.

"நல்ல சட்டையாச்சே தம்பி, பழைய பெட்ஷீட் ஏதும் இல்லையா?" என்றேன். பையைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான். வேலை போய்விட்டது. வீட்டில் சொல்லவில்லை. ஒரு வருஷம் அமெரிக்கா போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். நானும் அப்படியே சொல்ல வேண்டுமாம். சரி என்றேன். அவன் பானட்டைத் தடவிக்கொண்டே சொன்னான்: "என்னாலதான் நிமிர்ந்து ஊருக்குப் போக முடியல. வண்டியாச்சும் கீறல் இல்லாம போகட்டும்ணே."

கர்னூல் கல்

கர்னூல் தாண்டிச் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வழி நெடுக ஜல்லி. இழுபட்டு வருகிற வண்டிக்கு முதல் எதிரி இழுக்கிற வண்டிதான். ஜீப்பின் பின்சக்கரம் வாரி அடிக்கிற கல் நேராகக் காரின் மூஞ்சியில் விழும். அதற்காகவே பழைய டயரை வெட்டி, தரையைத் தொடுகிற மாதிரி ஜீப்புக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தோம். ஆனால் பக்கத்தில் முந்திக்கொண்டு போகிற பஸ்ஸுக்கு எதைத் தொங்கவிடுவது?

டப் என்று ஒரு சத்தம். எனக்கு உசிரே போய்விட்டது. அந்தப் பையன் முகம்தான் கண் முன்னால் வந்தது. ஓரங்கட்டி ஓடிப்போய்ப் பார்த்தால் கேன்வாஸ் கிழிந்திருக்கிறது, அடியில் ஒரு நீலச் சட்டை பொத்தல். அதை விலக்கினேன். காஜா குனிந்து, கறுப்புப் பெயிண்ட்டில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "குச் நை ஹுவா அண்ணா, ஒண்ணும் ஆகல. கல்லு சட்டையைத்தான் தின்னுச்சு."

திருமங்கலத்தில்

சரவணனின் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே திரண்டிருந்தது. "ஏ, அமெரிக்கா போற பையன் வண்டிப்பா" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். துணியை நான்தான் பிரிப்பேன் என்று அவரே வந்தார். சட்டைகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டார். அந்த நீலச் சட்டை வந்ததும் கை நின்றது. காலர் பட்டன் இருக்க வேண்டிய இடத்தைத் தடவினார். பிறகு தோளில் கிடந்ததையெல்லாம் எடுத்து அதே மாதிரி தடவிப் பார்த்தார். தெரு முழுக்கக் கார் பளபளப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

காபி சாப்பிடலாம் என்று என்னை உள்ளே கூட்டிப் போனார். "நீலம் நான் எடுத்துக் குடுத்தது. முத நாள் ஆபீசுக்கு அதைத்தான் போட்டுக்கிட்டுப் போனான்" என்றார். அமெரிக்காவுல குளிருமாம் ஐயா, கோட்டுதான் போடணுமாம், சட்டையெல்லாம் அங்கேயே வாங்கிக்குவாரு என்று என்னென்னவோ உளறினேன். எனக்கே கேட்க நன்றாயில்லை. அவர் காபியை என் பக்கம் நகர்த்தினார். "வண்டியில கீறல் இல்ல தம்பி, பார்த்துட்டேன். பையன் எப்படி இருக்கான், அதைச் சொல்லுங்க."

திரும்பும்போது ஒரு சவாரி

சொல்லிவிட்டேன். வாக்குக் கொடுத்தது வாஸ்தவம்தான், ஆனால் அந்த முகத்துக்கு எதிரே என்ன வாக்கு! அடுப்படி வாசலில் நின்று அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். அழுதாரா என்று தெரியவில்லை. தோளிலிருந்த சட்டைகளை வாங்கிப் போய்த் துவைத்துக் காயப்போட்டார். காய்ந்ததும் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டில் இருந்த பழைய சட்டைகளின் பட்டன்களெல்லாம் அவற்றில் ஏறின. "திரும்பிப் போறப்ப ஜீப்புல இடம் இருக்குமா?" என்று அப்பா கேட்டார். காஜா அப்போதே முன்சீட்டைத் துடைத்துவைத்திருந்தான்.

வழி நெடுக அவர் சட்டைகள் இருந்த பையை மடியிலேயே வைத்திருந்தார். எனக்குத்தான் பயம், நான் காட்டிக்கொடுத்துவிட்டேனே, பையன் என்ன செய்வானோ என்று. அமீர்பேட்டில் அவன் அறைக் கதவைத் தட்டினோம். லுங்கியும் தாடியுமாகத் திறந்தான். அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். அப்பா அமெரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையிலிருந்து நீலச் சட்டையை எடுத்து நீட்டினார். பொத்தல் விழுந்த இடத்தில் நெருக்கமாகத் தையல் ஓடியிருந்தது. அவன் வாங்கி அதை முகத்தில் அழுத்திக்கொண்டு குலுங்கினான். காஜா முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுது முடிக்கட்டும் என்று பக்கத்தில் நின்ற அப்பா மெதுவாகச் சொன்னார்: "பட்டன் கலர் ஒண்ணுபோல இருக்காதுடா, அம்மாகிட்ட இருந்தது அவ்வளவுதான். குளிச்சிட்டுப் போட்டுக்க, சாப்பிடப் போவோம்."

அன்றிலிருந்து வண்டிக்குத் துணி கேட்கும்போது வேட்டி, சேலை எது வேண்டுமானாலும் கொடுங்கள், சட்டை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். காரணம் கேட்பவர்களிடம், பட்டன் வெட்டுகிற வேலையாவது உங்களுக்கு மிச்சமாகட்டுமே என்கிறேன்.