ஒரே வீட்டில் இரண்டு பதிப்புகள்

இது நடந்தது 1990 ஆம் ஆண்டு ஆடிக்கும் ஐப்பசிக்கும் இடையில். இதைவிட நெருக்கமாகச் சொல்ல முடியவில்லை. மழை பிடித்துவிட்டது என்கிறார் அண்ணை. விறாந்தையில் வெயில் சரிந்து விழ விழ நாங்கள் பாயை இழுத்துப் போட்டது எனக்கு நினைவிருப்பதால், புரட்டாதிக்குப் பிந்தியிருக்காது என்கிறேன் நான். மாமியின் மகள் மச்சாளிடம் கேட்டால் ஒரு சொல்லில் தீர்ந்துவிடும். இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் கேட்டதில்லை.

லண்டனில் இருந்த சித்தப்பா, கீரிமலையில் இருந்த மாமி வீட்டுக்கு ஒரு விளையாட்டுப் புத்தகம் அனுப்பியிருந்தார். பலகையும் காய்களும் தேவையில்லாத விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். முன்னால் ஒரு குகை, உள்ளே ஏதோ உறுமுகிறது என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். வெட்டு விழுந்ததா, தவறியதா என்பதை இருபது முகமுள்ள ஒரு கட்டையை உருட்டித் தீர்மானிப்பார்கள். சில வருடம் கழித்து உரும்பிராயில் எங்களுக்கும் அதையே அனுப்பினார். ஆனால் வந்தது அடுத்த பதிப்பு. இரண்டும் ஒன்றல்ல என்பது 1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கி, மாமி குடும்பம் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்த பிறகுதான் தெரிந்தது. மாமி நகையையும் காணி உறுதிப் பத்திரத்தையும் எடுத்து வந்திருந்தார். மச்சாள் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்திருந்தாள்.

மாமா வரவில்லை. பசு கன்று போடுகிற தறுவாயில் நின்றது. “நீங்கள் முன்னுக்குப் போங்கோ, கண்டு போட்டவுடனை நான் வாறன்” என்று நின்றுவிட்டாராம். பிறகு சண்டையில் அந்தப் பக்கத்துக்குப் பாதை இல்லாமல் போயிற்று. மாமா வந்ததும் தோட்டம் கொத்தலாம், மாமா வந்ததும் மச்சாளின் பள்ளிக்கூடத்தைப் பார்க்கலாம் என்றுதான் வீட்டில் அவரைப் பற்றிக் கதைப்பார்கள். வேறு விதமாக எவரும் கதைத்து நான் கேட்டதில்லை.

அண்ணை கதையை நடத்தினார். மச்சாள் மந்திரவாதி. எனக்குப் பத்து வயது, நான் வாள்வீரன்.

மச்சாளின் பழைய பதிப்பில் மந்திரவாதி ஒரு அறைக்குத் தாங்கமாட்டான். ஆனால் தப்பிப் பிழைத்து மேல் நிலைக்கு வந்துவிட்டானோ, அவனுக்குப் பக்கத்தில் வாள்வீரன் சாமான் தூக்குகிற ஆள்தான். அந்த நிலையில் அவனுக்கு வீடு திரும்பும் மந்திரம் கிடைக்கும். எங்கிருந்தாலும் ஒருமுறை சொன்னால் போதும், தன் வீட்டு வாசலில் நிற்பான். கட்டை உருட்டத் தேவையில்லை. எங்கள் புதிய பதிப்பை எழுதியவர்களிடம் உலகத்து வாள்வீரர்கள் எல்லாம் போய் முறைப்பாடு செய்திருக்க வேண்டும். வாளுக்கு ஒரு வெட்டைக் கூட்டி, மந்திரத்துக்குக் கட்டையை வைத்திருந்தார்கள்.

அந்தக் கட்டைதான் இல்லை. எங்களுடையது குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டிய மண்ணோடு போய்விட்டது. அவர்களுடையது கீரிமலையில் கிடந்தது. தாயம் போடுகிற சோழிச் சிப்பிகளை நாங்கள் சோகி என்போம். பன்னிரண்டு சோகிகளைக் குலுக்கிப் போட்டு, நிமிர்ந்து விழுந்தவற்றை எண்ணுவோம் என்றார் அண்ணை. ஓடு தடித்த பூதங்களை வெட்ட எனக்கு ஒன்பது வேண்டும். ஐந்து விழுந்தது, ஆறு விழுந்தது, பிறகு ஏழு, திரும்பவும் ஆறு. மச்சாள் கையை நீட்டி ஒரு சொல் சொல்வாள், பூதம் சாம்பல்.

“உங்கடை ஆளுக்கு மட்டும் என்னத்துக்குச் சோகி வேண்டாம்?” என்று ஒருநாள் கத்தினேன்.

“எங்கடை புத்தகத்திலை அப்பிடித்தான் கிடக்கு.”

“உது பழசு.”

“பழசெண்டால் பிழையோ? எடியே, வாளைத் தூக்கிக்கொண்டு மாடு மேய்க்கிற மாதிரித் திரியிறாய், உனக்கென்ன தெரியும்?”

“உந்தப் பேய்ச்சண்டையை விட்டிட்டு ஆராவது தண்ணி அள்ளுங்கோ,” என்றார் குசினிக்குள் இருந்து அம்மா.

அண்ணை உயர்தரத்துக்குக் கணிதம் படித்துக்கொண்டிருந்தவர். சோகிகளை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். இருபது முகக் கட்டையில் எந்த எண்ணும் ஒரே அளவுக்கு வரும். சோகியில் நடு எண்தான் வரும், ஓரத்து எண்கள் அருமை. ஆகவே தங்கச்சிக்கு ஏழு விழுந்தால் போதும். மந்திரவாதியும் இனிச் சோகி போட வேண்டும். வீடு திரும்பும் மந்திரம் பெரிய மந்திரம், அதற்குப் பத்து. நாளுக்கு ஒருதரம்தான் முயலலாம்.

மச்சாள் எதிர்ப்பாள் என்று நினைத்தேன். “சரி அத்தான்,” என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாளிலிருந்து அவள் வேறு மந்திரம் எதையும் சொல்லவில்லை. நாளுக்கொருதரம் சோகிகளை இரண்டு கையாலும் பொத்தி, கண்ணை மூடிக் குலுக்கிப் போடுவாள். ஆறு. ஐந்து. ஏழு. ஒருநாள் எட்டு வந்தபோது அண்ணைக்கே வியர்த்தது. நான் என் பங்குக்கு நன்றாக வெட்டிக்கொண்டிருந்தேன். விளையாட்டு இப்போதுதான் நியாயமாக நடக்கிறது என்று எனக்குத் திருப்தி.

ஒரு பின்னேரம் சோகிகளைத் தள்ளி வைத்தாள். “மந்திரம் வேண்டாம் அத்தான். நடந்து போறன்.”

“எங்கை?”

“வீட்டை.”

பாயில் இருந்தபடியே, கதைக்குள் மருதனார்மடச் சந்தி, சுன்னாகம், மல்லாகம் என்று நடந்தோம். முதலில் அண்ணைதான் வழி சொன்னார். தெல்லிப்பழை தாண்டியதும் “இனி என்ன வரும்?” என்று அவர் கேட்கவும், மச்சாள் சொல்லவும் தொடங்கினார்கள். சோடாப் போத்தல்களை நிறம் பிரித்து அடுக்குகிற கடை. கேணியில் குளித்துவிட்டுத் துவாயைத் தலையில் போட்டபடி சைக்கிளில் வருகிற பெடியன்கள். முடக்கில் ஒரு புளியமரம். அதில் திரும்பினால் உப்புக் காற்று. கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த மாமி கத்தியை நிறுத்திவிட்டு, “அந்த முடக்கிலை நிக்கிறது புளியில்லைப் பிள்ளை, இலுப்பை,” என்றார்.

வாள்வீரனுக்கு வேலையே இல்லை. “அண்ணை, ஒரு பூதமாவது விடுங்கோவன்!”

“பொறடி.”

முன்னர் மல்லாகத்தில் என் மீது இரங்கி ஒன்றை விட்டிருந்தார். மெலிந்த பூதம். ஒரே வெட்டு. அதோடு சரி.

கடைசியில் ஒருநாள், “வீட்டுப் படலைக்கு முன்னாலை நிக்கிறாய்,” என்றார் அண்ணை. மாமி கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனார்.

“படலை சாத்திக் கிடக்கோ, திறந்து கிடக்கோ?” என்று கேட்டாள் மச்சாள்.

கதை நடத்துபவர்தான் அதைச் சொல்ல வேண்டும். இரண்டு பதிப்பிலும் அதுதான் விதி. அண்ணை யோசித்தார். “சாத்திக் கிடக்கு.”

“மாடு கத்துதோ?”

“காத்தடிக்குது,” என்றார் அண்ணை. “ஒண்டும் வடிவாக் கேக்கேல்லை.”

மச்சாள் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். “நாளைக்குத் திறக்கிறன்,” என்றாள்.

மறுநாளும் “நாளைக்கு” என்றாள். அதற்கடுத்த நாளும். எனக்குப் பொறுக்கவில்லை. “நான் முன்னுக்குப் போறன் மச்சாள். என்னட்டை வாள் கிடக்கு.”

அவள் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினாள். “வேண்டாமடி. இதிலையே கொஞ்சம் நிப்பம்.”

அண்ணை எங்கள் முகத்தைப் பார்க்காமல் சோகிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே எந்தப் பூதத்தை வைப்பது என்று அவருக்கு இன்னும் முடிவாகவில்லை என்றே நான் நினைத்தேன். அன்று கிணற்றடியில் அவரைத் தனியாகப் பிடித்து, எவ்வளவு பெரிய பூதமென்றாலும் பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன், பயப்படாமல் வையுங்கோ என்று தைரியம் சொன்னேன்.